குளிர்ந்த தண்ணீருக்கு எந்த வால்

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில், மொன்றியல்
18 மார்ச் 2007

பேரின்பம் அண்ணைக்கு,

உங்கள் அக்காவிடம் மூன்று தரம் கேட்டுத்தான் இந்த விலாசம் கிடைத்தது. தொலைபேசி எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மேசையில் சாப்பிட்டவர் நீங்கள். பேனாட்டின் செத்தவீட்டுப் பூசையில் கதவோரம் நின்றீர்கள். கல்லறைக்கு வரவில்லை. அடுத்த கிழமை கியூபெக் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டதாக அறிந்தேன். அங்கே ஏதோ ஹோட்டல் சமையலறையில் நிற்கிறீர்களாம். அதற்காக உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. சாவு நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்க எல்லாராலும் முடியாது.

போன மாதம் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை வந்தது. எனக்குப் பிரெஞ்சு சந்தையில் மரக்கறி விற்கிற அளவுக்குத்தான் தெரியும். றொஷினியை வாசிக்கச் சொன்னேன். செய்திருக்கக் கூடாது. பதினாலு வயதுப் பிள்ளை, தகப்பனின் சாவை ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். "என்ன பிள்ளை?" என்று கேட்டேன். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பிறகு சந்தையில் என்னுடன் வேலை செய்கிற பெண்ணிடம் கொடுத்து மிச்சத்தைக் கேட்டேன்.

அதில் இருப்பது இது. படகில் ஓர் உயிர்காப்பு அங்கிதான் இருந்தது. அது பேனாட்டுடையது. அது நனையாமல், படகின் இருக்கைமேல் கிடந்தது. கூட இருந்தவரின் வாக்குமூலப்படி அவர் அதைத் தானாகவே கழற்றி வைத்தார். ஆகஸ்ட் மாதம் வேலையை இழந்திருந்தார். நித்திரைக்கு மாத்திரை எடுத்தார். ஆகவே தவறி விழுந்தாரா, தானாக இறங்கினாரா என்று தீர்மானிக்க முடியவில்லை.

எங்கள் கோயில் பங்கில் இந்தக் கதை அறிக்கைக்கு முன்னமே வந்துவிட்டது. பாட்டுக்குழுவில் பாடுகிற சிசிலி அக்கா என் கையைப் பிடித்து, "தங்கச்சி, இப்ப சுவாமிமார் அப்பிடியான ஆக்களுக்கும் பூசை வைக்கினம்தானே, நீர் கவலைப்படாதையும்" என்றா. அப்படியான ஆட்கள்.

சபனேல் தெருத் தையல் ஆலை பூட்டியதிலிருந்து இவர் பாதி ஆளாகத்தான் இருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமைகளில் உங்களுடன் படகில் மீன் பிடிக்கப் போய் வந்தால் அன்றைக்கு மட்டும் நன்றாகச் சாப்பிடுவார். கடைசியாக இவருடன் இருந்தது நீங்கள். அந்தச் சனிக்கிழமை, நவம்பர் நாலாம் திகதி, இவர் எப்படி இருந்தார்? அங்கியை ஏன் கழற்றினார்?

எதுவாக இருந்தாலும் தாங்குவேன். எழுதுங்கள்.

ஜெனாட்

*

கியூபெக் நகரம்
1 ஏப்ரல் 2007

அன்புள்ள தங்கச்சி ஜெனாட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே எழுதவில்லை, மன்னிக்கவும். இங்கே இரண்டு பேருடைய வேலையை ஒருவனாகச் செய்கிறேன். அது ஒரு சாட்டுத்தான்.

பொலிசுக்குச் சொன்னதற்கு மேலே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ துறையிலிருந்து காலையில் இறங்கினோம். பத்து மணிக்குப் பிறகு காற்று எழுந்தது. நான் பின்னால் மோட்டருக்குப் பக்கத்தில், முதுகு காட்டிக்கொண்டு இருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் இருக்கையில் இல்லை. அங்கி மட்டும் இருந்தது. தண்ணீரின் வெப்பம் ஆறேழு பாகைதான். அந்தக் குளிரில் எவ்வளவு நீந்தத் தெரிந்தாலும் ஐந்து நிமிடம்கூடக் கை வேலை செய்யாது.

அன்றைக்கு அவர் பெரிதாகக் கதைக்கவில்லை. மௌனமாகத்தான் இருந்தார். மனதில் என்ன இருந்ததென்று நான் எப்படிச் சொல்ல?

பொலிஸ் திருப்பித் தந்த மீன்பிடிப் பெட்டியைப் பற்றி ஒன்று. அதற்குள் இருக்கிற, தூண்டிலில் கோர்க்கிற ரப்பர் வால்கள் எல்லாம் ஒரே சாமானில் செய்தவை அல்ல. ஒருவகை மற்றவகையில் பட்டால் இரண்டும் உருகிக் களியாகிவிடும். கறுப்பின் சாயம் மற்றதில் ஊறிவிடும். அவற்றின் பைகளிலேயே வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். யாருக்காவது கொடுக்க விரும்பினால் நல்ல சாமான்கள்.

றொஷினியைக் கவனமாகப் பாருங்கள்.

பேரின்பநாதன்

*

மொன்றியல்
15 ஏப்ரல் 2007

பேரின்பம் அண்ணைக்கு,

நான் புருஷனைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் ரப்பர் உருகுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

பரவாயில்லை. அதனால்தான் பெட்டியைத் திறந்தேன். அதுவரை நிலவறையில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. இரண்டு தூண்டில் தடிகளும் சுவரில் சாய்ந்து நின்றன. பெட்டியின் அடியில் இவருடைய கொப்பி இருந்தது, றொஷினியின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி. ஒவ்வொரு சனிக்கிழமையும் திகதி போட்டு எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கூட எழுதாத மனிதன், மீனுக்காக நாற்பத்தாறு பக்கம் எழுதியிருக்கிறார்.

நாலு இரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். இப்போது எனக்கும் கொஞ்சம் தெரியும். ஜிக் என்பது ஈயத் தலையுள்ள கொழுக்கி. அதைச் சுற்றித் தும்பு தும்பாக ஒரு பாவாடை. அதன் பின்னால் கோர்க்கிற ரப்பர் வாலைத்தான் நீங்கள் இருவரும் றெயிலர் என்பீர்கள். எந்தத் தண்ணீருக்கு எந்த வால் என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறதாம். இவருடைய எழுத்தை அப்படியே தருகிறேன்:

"தண்ணீர் இருபது பாகைக்கு மேலே என்றால் நண்டுக்கு இருப்பதுபோல இரண்டு கொடுக்கும் படபடவென்று அடிக்கிற பெரிய வால். பாஸ் மீன் துரத்தி வந்து அடிக்கும். பதினைந்துக்குக் கீழே கொடுக்குச் சின்னதாக வேண்டும், அசைவு குறைய வேண்டும். பத்துக்குக் கீழே கொடுக்கே கூடாது. தட்டையான சின்ன வால், மண்ணிறம். பாவாடையையும் அரை விரல் வெட்டிவிட வேண்டும். குளிரில் மீன் எதையும் துரத்தாது. வாய்க்குப் பக்கத்தில் சும்மா கிடந்தால் மட்டும் எடுக்கும்."

ஒக்டோபர் இருபத்தெட்டு, கடைசிப் பக்கம்: "தண்ணீர் ஒன்பது. சின்ன மண்ணிற வால். மூன்று மீன். விட்டுவிட்டோம்."

இவருடைய தடி எதென்று எனக்குத் தெரியும். பிடியில் நீலத் துணிநாடா சுற்றியது நான்தான். அந்தத் தடியின் நுனியில் பொலிஸ் கழற்றாமல் அப்படியே தந்த ஜிக் தொங்குகிறது. அதில் என் உள்ளங்கை அளவுக்குச் செம்மஞ்சள் வால், இரண்டு பெரிய கொடுக்கு. பாவாடை வெட்டவில்லை.

ஆறு பாகைத் தண்ணீரில், அண்ணை. நாற்பத்தாறு பக்கம் எழுதிய மனிதன்.

கையில் வந்த எதையோ கோர்த்திருக்கிறார். மீன் எடுக்குமா எடுக்காதா என்று அன்றைக்கு இவருக்குக் கவலை இருக்கவில்லை. அதுதான் நான் விளங்கிக்கொண்டது. மீன் பிடிக்கப் போகவில்லை. அங்கியைக் கழற்றி வைத்தார், கதைக்கவில்லை, போய்விட்டார். நீங்கள் என் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் ஓடிவிட்டீர்கள்.

றொஷினி இப்போது பூசைக்கு வருவதில்லை. மேசையில் இருந்த இவருடைய படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நான் நிமிர்த்தி வைப்பேன், காலையில் பார்த்தால் கவிழ்ந்து கிடக்கும். நேற்று, "பப்பா எங்களை வேண்டாமெண்டுதானே போனவர், பிறகு ஏன் அவரைப் பார்த்துச் சாப்பிட வேணும்?" என்று கேட்டாள்.

இவர் தானாகத்தான் போனாரா? ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் எழுதினால் போதும். ஓம் என்றால் அவளுக்கு எப்படிச் சொல்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெனாட்

*

கியூபெக் நகரம்
29 ஏப்ரல் 2007

தங்கச்சி,

அப்படி யோசிக்க வேண்டாம். தயவுசெய்து.

வாலை வைத்து ஒரு மனிதனின் மனதைத் தீர்மானிக்க முடியாது. கொப்பியில் எழுதியதெல்லாம் பொது விதி. சில நாள் விதியை மாற்றிப் பார்ப்போம். மாரிக் குளிருக்கு முன்னால் பெரிய மீன் பெரிய இரை தேடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் நிறம் தெரிய வேண்டும், அதற்குச் செம்மஞ்சள் உதவும். பெரிய வால் கொஞ்சம் மிதக்கும், ஆகவே ஜிக் மெதுவாக இறங்கும். அதுவும் குளிரில் நல்லது. அவர் அன்றைக்கு அதைச் சும்மா சோதித்துப் பார்த்திருக்கலாம். பெட்டிக்குள் தேடி எடுத்துப் போட்டதை நான் பார்த்தேன்.

அவர் அன்றைக்குக் காலையில் சிரித்துக்கொண்டுதான் வந்தார். நீங்கள் தந்துவிட்ட ரோல்ஸ் நாலில் மூன்றைத் தானே சாப்பிட்டார். றொஷினிக்கு அந்தக் குளிர்காலத்துக்குக் காலில் போடப் புதுச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று சொன்னார். சாகப் போகிற மனிதன் சப்பாத்தைப் பற்றிக் கதைப்பானா?

இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இதற்கு மேல் என்னைக் கேட்க வேண்டாம். எனக்கும் நித்திரை இல்லை.

பேரின்பநாதன்

*

மொன்றியல்
8 மே 2007

பேரின்பம் அண்ணைக்கு,

முதல் கடிதத்தில் மௌனமாக இருந்தார். இரண்டாவதில் சிரித்துக்கொண்டு மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். எது உண்மை?

பெட்டிக்குள் தேடி எடுத்தார் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுப் பெட்டியையும் சலவை இயந்திரத்தின் மேல் கொட்டினேன். மண்ணிறம், கறுப்பு, கறுப்பில் நீலம், பாசிப்பச்சை. முப்பத்தொரு பை. செம்மஞ்சள் ஒன்றுகூட இல்லை. வெறும் பையும் இல்லை. பிறகு கொப்பியை முதலிலிருந்து திருப்பினேன். யூலையில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்: "அண்ணை இன்றைக்கும் அந்தச் செம்மஞ்சளைத்தான் போட்டார். சொன்னால் கேட்கமாட்டார்."

அது உங்களுடைய வால். இவருடைய தடியில் எப்படி வந்தது?

இதை இந்தக் கிழமை நான் கேட்டிருக்கவே மாட்டேன். களைத்துப் போனேன். ஆனால் வெள்ளிக்கிழமை றொஷினி பள்ளிக்கூடம் போகவில்லை. மெட்ரோ, பிறகு பேருந்து, தனியாகச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போயிருக்கிறாள். காலையிலிருந்து கால்வாய்க் கரையில் இருந்திருக்கிறாள். பின்னேரம் ஒரு பெண் பொலிஸ் கூட்டிவந்து கதவைத் தட்டினா. பிள்ளையின் கையும் காலும் விறைத்திருந்தன. போர்வையால் சுற்றிக்கொண்டு கேட்டேன், "அங்க ஏன் போனனி?"

"பப்பா எங்களைவிட எதை விரும்பினவர் எண்டு பாக்கப் போனனான்" என்றாள். "அங்க ஒண்டுமில்லை அம்மா. தண்ணிதான் இருக்கு."

அண்ணை, நீங்கள் அவளைத் தூக்கி வளர்த்தவர். கோயிலில் அவள் முதல்நன்மை வாங்கியபோது போட்ட சட்டையை எடுத்துத் தந்தது நீங்கள். உங்களைக் கெஞ்சுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால், அதை நீங்கள் தெரிந்துகொண்டு செய்ததாகத்தான் எடுப்பேன்.

ஜெனாட்

*

கியூபெக் நகரம்
13 மே 2007

ஜெனாட்,

தங்கச்சி என்று எழுத எனக்கு இனி உரிமை இல்லை.

இதை ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். இந்த முறை திருத்தாமல் அனுப்புகிறேன்.

பேனாட் தானாகப் போகவில்லை. அதுதான் முதலில் நீங்கள் அறிய வேண்டியது. பிள்ளைக்கு இப்போதே சொல்லுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

அன்றைக்கு அவர் மகிழ்ச்சியாக இருந்தார். இரண்டாவது கடிதத்தில் எழுதியதுதான் உண்மை. ரோல்ஸ், சப்பாத்து எல்லாம். முதல் கடிதத்தில் மௌனம் என்று எழுதியது பொய். ஏனென்று கீழே வரும்.

என் அங்கியை நான் கொண்டுபோகவில்லை. பன்னிரண்டு வருடமாக அதைப் போடாமலே திரிந்தவன். பத்து மணிக்குப் பிறகு காற்று எழுந்து படகு ஆடத் தொடங்கியது. நான் சுன்னாகத்தில் பிறந்தவன், கிணற்றைத் தவிரத் தண்ணீர் பார்க்காதவன், நீந்தத் தெரியாது. பயந்து இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் அங்கியைக் கழற்றி என் மடியில் போட்டார்.

"நீர் போடும் பேனாட், எனக்கு வேண்டாம்" என்றேன்.

"அண்ணை, நான் பேசாலையில பிறந்தவன். கடல்ல கிடந்து வளர்ந்தவன். நீங்க விழுந்தா என்னாலயும் தூக்கேலாது. போடுங்கோ" என்று சிரித்தார்.

போட்டேன். அவர்தான் பின்பட்டியை இழுத்துக் கட்டிவிட்டார்.

பதினொரு மணிவரைக்கும் அவர் இரண்டு மீன் பிடித்துவிட்டார், அந்தச் சின்ன மண்ணிற வாலில். எனக்கு ஒன்றுமில்லை. இந்த மீன்பிடியை அவருக்குப் பழக்கிவிட்டவன் நான். இரண்டே வருடத்தில் என்னை மிஞ்சி எங்கோ போய்விட்டார். அது எனக்கு உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. தடியில்தான் விசேஷம் என்று சொல்லி அவருடைய தடியை வாங்கினேன். வாங்கி, அவருடைய வாலைக் கழற்றி எறிந்துவிட்டு, என் செம்மஞ்சளைக் கோர்த்தேன்.

"இந்தக் குளிருக்குள்ள அதைக் கண்டா மீன் ஓடிவிடும் அண்ணை" என்றார்.

"நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்" என்றேன். கேலியாக இல்லை. கோபமாகத்தான் சொன்னேன். அவர் பிறகு பேசவில்லை. அந்த அரை மணி நேரம்தான் மௌனமாக இருந்தார். என் வார்த்தையால்.

பிறகு ஒரு வீச்சில் ஜிக் கல்லுக்குள் சிக்கிவிட்டது. இழுத்தேன், வரவில்லை.

"வெட்டிவிடுங்கோ அண்ணை. ஒரு ஜிக்தானே" என்றார்.

நான் கேட்கவில்லை. அந்த வால் சரியென்று காட்டாமல் வெட்ட எனக்கு மனமில்லை. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு படகின் முன்னுக்குப் போய்க் குனிந்து, தூண்டிலின் தங்கூசி நூலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல மெல்ல அசைத்துப் பார்த்தார். "பொறுங்கோ, வருகுது" என்றார். நான் பொறுக்கவில்லை. ஒரு கையில் தடியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மோட்டரைப் பின்பக்கமாக முடுக்கினேன். ஒரே இழுவையில் எடுத்துவிடலாம் என்று.

படகு பின்னுக்கு ஒரு துள்ளுத் துள்ளியது. ஜிக் கழன்று வந்தது. அவர் முன்னுக்குத் தண்ணீருக்குள் விழுந்தார்.

இரண்டு முறை மேலே வந்தார். முதல்முறை படகுக்கு மூன்று முழம்கூட இருக்காது. தடியை நீட்டினேன். அவர் பிடித்தார், கை வழுக்கியது. இரண்டாவது முறை தூரத்தில். நான் உயிர்காப்பு அங்கியோடு நின்றேன், ஜெனாட். அதைப் போட்டிருந்தவன் தாழமாட்டான். நான் குதித்திருக்கலாம். அல்லது கழற்றி அவருக்கு எறிந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. பட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிறகு தண்ணீர் சும்மா இருந்தது.

வேறொரு படகு வர ஒரு பத்து நிமிடம் சென்றிருக்கும். அது தூரத்தில் வருவதைக் கண்டதும்தான் நான் என்னைப் பார்த்தேன். அவருடைய அங்கி என் உடம்பில் இருந்தது. நெஞ்சில் அவருடைய பெயர், நீங்கள் எழுதியது. அதோடு அவர்கள் முன்னால் நிற்க முடியாது என்று தோன்றியது. கழற்றி அவருடைய இருக்கையில் வைத்தேன். பொலிஸ் கேட்டபோது, அவர் தானாகக் கழற்றி வைத்தார் என்றேன். அது வார்த்தைக்கு வார்த்தை உண்மையென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் அதை அப்படி விளங்குவார்கள் என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

ஆனால் உங்கள் முதல் கடிதம் வந்தபோது யோசித்தேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மௌனம் என்று எழுதினேன். நீங்கள் அப்படியே நம்பிவிட்டால் என்னை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்துத்தான் எழுதினேன்.

இனி உங்கள் முடிவு.

பேரின்பநாதன்

*

மொன்றியல்
21 மே 2007

பேரின்பநாதனுக்கு,

கடிதத்தைச் சந்தையில் பெட்டிகள் அடுக்குகிற அறையில் வைத்து வாசித்தேன். முதலாளி வந்து பார்த்தபோது நான் நிலத்தில் இருந்தேனாம். எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

றொஷினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை, அவள் கேட்காமல் விடமாட்டாள். அங்கியை உங்கள் மடியில் போட்ட இடம் வந்ததும், "திரும்ப வாசியுங்கோ" என்றாள். திரும்ப வாசித்தேன். மூன்றாம் தரமும் கேட்டாள்.

பிறகு, "அப்ப பப்பா எங்களை விட்டிட்டுப் போகேல்லையா?"

"இல்லைப் பிள்ளை."

"வீட்டை வரத்தான் இருந்தவரா?"

"ஓம். சப்பாத்து வாங்க இருந்தவர்."

அந்தப் பிள்ளை அழுத மாதிரி ஒரு மனிதர் அழுது நான் கேட்டதில்லை. தகப்பன் செத்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை. கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவி ஓடிவந்து கதவைத் தட்டினா. ஆறு மாதமும் அவள் அழாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

என் முடிவு என்றீர்கள். நீங்கள் எனக்குத் தமிழில் எழுதியது போதாது. பொலிசிடம் போய் இதையே சொல்ல வேண்டும். மோட்டர், அங்கி, இருக்கையில் வைத்தது, எல்லாம். கையெழுத்து வைக்க வேண்டும். அவர்கள் உங்களை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. அந்த அறிக்கையிலிருந்து, தானாக இறங்கினாரா என்ற வரி போக வேண்டும். இவர் பெயருக்குப் பக்கத்தில் அது இருக்கக் கூடாது.

அது முடியும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

ஜெனாட்

*

மொன்றியல்
11 யூன் 2007

ஜெனாட்டுக்கு,

இன்று பொலிசுக்குப் போனேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள், ஜோன்சன் என்று ஒரு பொடியன். மோட்டரைப் பற்றிச் சொன்னதை மொழிபெயர்த்தான். அங்கியைக் கழற்றி வைத்தேன் என்றதும் என் பக்கம் திரும்பினான். "அண்ணை, நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லட்டோ?" என்று கேட்டான். அப்படியே சொல்லச் சொன்னேன்.

நாலு மணித்தியாலம் எடுத்தது. கையெழுத்து வைத்தேன். அரசாங்க வழக்கறிஞர் பார்த்து, வழக்கு உண்டா இல்லையா என்று அறிவிப்பாராம். மரண விசாரணை அதிகாரிக்கும் பிரதி போகிறது.

உங்கள் தெரு முனைவரைக்கும் நடந்து வந்தேன். உங்கள் வீட்டு விளக்கு எரிந்தது. திரும்பிப் போய்ப் பேருந்து ஏறி, நிலையத்தில் இருந்து இதை எழுதுகிறேன்.

என் படகை விற்கவில்லை. அதில் வேறு யாரும் ஏற வேண்டாம் என்று வெட்டிப் போடக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கலாமா என்று தெரியவில்லை. ஒரு நாள், நீங்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கல்லறைக்குப் போய்வர உத்தரவு தருவீர்களா? நீங்கள் மறுத்தால் போகமாட்டேன்.

பேரின்பநாதன்

*

மொன்றியல்
14 ஒக்டோபர் 2007

பேரின்பநாதனுக்கு,

பதில் எழுத நாலு மாதம் எடுத்துவிட்டது. திருத்திய அறிக்கை கையில் வராமல் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

போன செவ்வாய் வந்தது. இரண்டு பக்கம். தவறி விழுந்து மூழ்கியதால் மரணம், விபத்து. தன் உயிர்காப்பு அங்கியை நீந்தத் தெரியாத நண்பருக்குக் கொடுத்திருந்தார் என்றும் எழுதியிருக்கிறது. றொஷினி அந்த வரியைப் பிரெஞ்சில் பார்த்துத் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.

உங்கள் மேல் வழக்குப் போடுவதைப் பற்றி என்னிடமும் வந்து கேட்டார்கள். அது உங்கள் வேலை, என்னிடம் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். போடவில்லை என்று பிறகு அறிந்தேன். சந்தோசமும் இல்லை, வருத்தமும் இல்லை.

இன்றைக்குப் பூசை முடிந்ததும் சிசிலி அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்தா. "நான் அப்பவே நினைச்சனான் தங்கச்சி, பேனாட் அப்பிடியான ஆளில்லை எண்டு" என்றா. நான் அவவின் கையை எடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

நீங்கள் மோட்டரை முடுக்கியதற்கு நான் உங்களை மன்னித்துவிட்டேன். சொல்லிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவசரத்தில் ஒரு கை செய்த பிழை. குதிக்காததற்கும் மன்னித்துவிட்டேன். அந்தத் தண்ணீரைப் பார்த்தால் நானும் குதித்திருப்பேனா தெரியாது.

ஆனால் ஏப்ரல் முதலாம் திகதி நீங்கள் சூடான அறையில் இருந்து, பேனையைக் கையில் எடுத்து, மௌனமாகத்தான் இருந்தார் என்று எனக்கு எழுதினீர்கள். அதை எழுதும்போது உங்களைக் காற்று அடிக்கவில்லை. படகு ஆடவில்லை. நான் என்ன நினைப்பேன் என்று தெரிந்துகொண்டு எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை நம்பி என் பிள்ளை கால்வாய்க் கரையில் ஒரு பகல் முழுக்க இருந்தாள். அன்றைக்கு அவள் திரும்பி வந்தது உங்கள் புண்ணியத்தால் இல்லை.

அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. தேடிப் பார்த்தேன். இல்லை.

கல்லறைக்குப் போங்கள். அது என் இடம் இல்லை, அவருடையது. உங்களுக்கு அங்கியைக் கட்டிவிட்ட மனிதர், வர வேண்டாம் என்று சொல்லமாட்டார். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது றொஷினி கேட்டாள், "தண்ணிக்குள்ள இருந்து பப்பா எங்களைக் கூப்பிட்டவரா அம்மா?"

தெரியாது என்றேன்.

உங்களுக்குத் தெரியும். அதை நீங்களே வைத்திருங்கள்.

ஜெனாட்